கான்கிரீட் ஊற்றும் முன் கம்பி கட்டுகிறவர் சொன்னார், நான் கேட்கவில்லை

பாயான்லெப்பாஸ்_சைட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டுமானத்தில் எட்டு மாதமாக சைட் இன்ஜினியராக இருக்கிறேன். படிப்பு முடித்ததும் கிடைத்த முதல் வேலை. கட்டுமானத்தில் நெடுநாள் இருந்த பெரியவர்கள் சிலர் இங்கே எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் மூன்றாம் மாடியில் ஒரு டிரான்ஸ்ஃபர் பீம் ஊற்றினோம். மேலே வரப்போகும் பல தூண்களின் பாரத்தை வாங்கி, கீழே இருக்கிற சில தூண்களில் இறக்குகிற பெரிய விட்டம் அது. 32 மில்லி கம்பி இரண்டு அடுக்கு, தூணிலிருந்து எழும்பி வருகிற கம்பி, குறுக்கே வருகிற இன்னொரு பீமின் கம்பி எல்லாம் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஊற்றுகிற அன்று காலையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினேன். கம்பி எண்ணிக்கை சரி, வளையங்களின் இடைவெளி சரி, கம்பிக்கு வெளியே விடும் கான்கிரீட் கவர் சரி.

கம்பி கட்டும் குழுவில் மூத்தவர் ஒரு பங்களாதேஷ்காரர். ஐம்பது வயது இருக்கும். தூணும் பீமும் சேரும் இடத்தில் இரண்டு விரலைச் சேர்த்துக் கம்பிகளுக்கு நடுவே விட்டுக் காட்டினார். போகவில்லை. ஒரு விரலை விட்டார், அது மட்டும் போனது. "மிஸ், சினி பத்து தா போலே மாசோக்" என்றார். இங்கே கல் இறங்காது என்கிறார். நான் வரைபடத்தைத் தட்டிக் காட்டி "இக்குட் டிராயிங்" என்றேன், வரைபடத்தில் இருப்பதுபோல் செய்யச் சொல்லி. "ஓகே மிஸ்" என்று இறங்கிப் போய்விட்டார்.

மதியம் லோரிகள் வந்தன. வானம் கறுத்துக்கொண்டு வந்ததால் எல்லாருக்கும் அவசரம். மூன்று நாள் கழித்துப் பக்கப் பலகையைக் கழற்றினோம். அவர் விரல் விட்டுக் காட்டிய அதே இடத்தில் ஹனிகோம். சாந்து இல்லாமல் வெறும் கல்லும் ஓட்டையும். உள்ளே கம்பி தெரிந்தது, என் கை மணிக்கட்டு வரை போனது. வரைபடம் போட்ட கன்சல்டண்ட் இன்ஜினியர் வந்து பார்த்து, கெட்டியான கான்கிரீட் வரும்வரை கொத்தி எடுத்து, சுருங்காத கிரவுட் சாந்தை அடைக்கச் சொன்னார். பதினொரு நாள் போயிற்று.

அது போகட்டும். எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. சைட் அலுவலகத்தில் எழுதிய அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில், தொழிலாளர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டரைச் சரியாகப் போடவில்லை என்று இருந்தது. மேலே இருப்பவர் தாளை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். வைப்ரேட்டர் பிடித்த பையனுக்கு இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். அவனுக்கு இருபத்து மூன்று வயது.

நான் கேட்க வருவது இதுதான். வரைபடத்தை மீறாமல், இவர்களுக்குத் தெரிந்ததை எப்படி வேலைக்குள் கொண்டுவருவது? அந்த அறிக்கையை இப்போது என்ன செய்வது? இனி அந்த அண்ணன் என்னிடம் எதையாவது வந்து சொல்வாரா?

*

கொம்தார்_மண்டோர் எழுதியது:

மகளே, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். 1978இல், பதினேழு வயதில், ஜார்ஜ்டவுனில் கொம்தார் கோபுரம் கட்டும்போது அங்கே கையாளாகச் சேர்ந்தேன். அப்புறம் நாற்பது வருடம் இந்தத் தீவிலும் எதிர்க்கரைப் பிறை ஊரிலும் சைட் சைட்டாகப் போனேன், கடைசிப் பதினெட்டு வருடம் மண்டோர், அதாவது மேஸ்திரி. நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை.

முதலில் கையெழுத்து. அது தவறு, உங்களுக்கே தெரியும். அந்த அறிக்கை அப்படியே கோப்பில் இருந்தால் அடுத்த மாடியிலும் அதே நெருக்கடியில் அதே கம்பியைக் கட்டுவார்கள். காரணம் தொழிலாளி என்று எழுதியாகிவிட்டது, வரைபடத்தை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? அந்தப் பையனுக்காக மட்டும் சொல்லவில்லை, மேலே குடிவரப் போகிற குடும்பங்களுக்காகவும் சொல்கிறேன். நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் யார் வந்து என்ன காட்டினார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், எத்தனை மணிக்கு ஊற்றினீர்கள் எல்லாம் இருக்கட்டும். எழுதி உங்கள் மேலாளருக்கும் கன்சல்டண்டுக்கும் கொடுங்கள்.

அப்புறம் அந்த இடத்தைப் பற்றி. வழக்கமான கலவையில் 20 மில்லி கல் வரும். இரண்டு விரல் போகாத சந்தில் அந்தக் கல் எப்படி இறங்கும்? கல் மேலேயே சிக்கிக்கொள்ளும், சாந்து மட்டும் வழிந்து போகும், அடியில் கூடு விழும். வைப்ரேட்டர் ஊசியும் உள்ளே போகாது. ஊசி நேராக இறங்க வேண்டும், ஓர் ஒன்றரை அடி தள்ளித் தள்ளிப் போட வேண்டும், காற்றுக் குமிழி வருவது நின்ற பிறகு மெல்ல மேலே இழுக்க வேண்டும். ஊசி நுழையவே வழியில்லாத இடத்தில் அந்தப் பையன் என்ன செய்திருப்பான்? மேலேயே வைத்து ஆட்டியிருப்பான். அவனை ஏன் குற்றம் சொல்வது?

வழிகள் இல்லாமல் இல்லை. கம்பியோடு கம்பி ஒட்டி நீளுகிற லாப்பை அந்தச் சந்திப்பை விட்டுத் தள்ளிப் போடலாம். லாப்புக்குப் பதிலாக, இரண்டு கம்பி முனையை இணைக்கிற கப்ளர் போடலாம். அந்த இடத்துக்கு மட்டும் 10 மில்லி கல் கலவை கேட்கலாம், தானாகவே பரவுகிற கான்கிரீட்டும் கேட்கலாம். 25 மில்லி ஒல்லி ஊசி கிடைக்கிறது. ஊசி இறங்க இரண்டு இடத்தில் முன்கூட்டியே வழி விட்டுக் கட்டலாம். இதில் எதையும் சைட்டில் நாமாக முடிவு செய்யக் கூடாது, கன்சல்டண்டைக் கேட்க வேண்டும். ஒரு கம்பியைக் கூட அவர் சம்மதம் இல்லாமல் நகர்த்தாதீர்கள். ஆனால் அவரைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிவதற்கே, அந்த பாய் விரல் விட்டுக் காட்டியதை நீங்கள் ஒரு தகவலாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கம்பி கட்டுகிறவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு மாடித் தளத்தில் 200 மில்லி இடைவெளியில் இரண்டு பக்கமும் கம்பி போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 25 சந்திப்பு. நூறு சதுர மீட்டருக்கு 2500. ஒன்று விட்டு ஒன்று கட்டினாலும் 1250 தடவை குனிந்து, கொக்கியை மாட்டி, முறுக்கி, நிமிர வேண்டும். அது ஒரு சின்னத் தளத்துக்கு. 32 மில்லி கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது, ஒன்று ஏறத்தாழ 76 கிலோ. அதை இரண்டு மூன்று பேர் தோளில் வைத்துப் பலகை மேல் நடந்து வந்து, ஏற்கனவே கட்டிய கம்பிகளுக்குள் நுழைக்கிறார்கள். எந்த இடத்தில் கம்பி முட்டுகிறது, எங்கே நுழைக்க முடியாமல் சுத்தியலால் தட்ட வேண்டியிருக்கிறது என்பது தோளுக்கும் விரலுக்கும் தெரிந்துவிடும். வரைபடத்தில் கம்பி ஒரு கோடு, கோட்டுக்குத் தடிமன் கிடையாது. கையில் பிடிக்கும்போது அதற்குத் தடிமன் உண்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வரிகள் உண்டு, வளைத்த இடத்தில் இன்னும் பருமன் உண்டு.

என்னிடம் ஒரு கறை இருக்கிறது. அதையும் சொல்கிறேன். 1986இல் ஒரு தாமானுக்கு, வீடமைப்புப் பகுதிக்கு, கழிவுநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினோம். இரண்டு ஆள் ஆழம். பக்கத்துக்கு முட்டுப் பலகை கிடையாது. இரவெல்லாம் மழை. காலையில் இந்தோனேசியாவின் மதுரா தீவிலிருந்து வந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டு, பள்ளத்தின் ஓரத்திலிருந்து ஓரடி தள்ளி மண்ணில் ஒரு வெடிப்பு ஓடுவதைக் காட்டினார். மெல்லிய கோடுதான், புல்லுக்குள் மறைந்திருந்தது. நான் கெப்பாலாவிடம், எங்கள் தலைவரிடம், சொன்னேன். மதியத்துக்குள் குழாய் இறங்க வேண்டும் என்றார். நான் திரும்பி வந்து "ஜாலான்" என்றேன், வேலையைத் தொடரச் சொல்லி. பத்தரை மணிக்குச் சரிந்தது. ஈர மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய இரண்டு டன் இருக்கும். மார்பு வரை புதைந்துவிட்டார். மண்வெட்டி போட்டால் அவர் மேல் படும் என்று கையாலேயே தோண்டி எடுத்தோம். உயிர் இருந்தது, இடுப்பு எலும்பு போய்விட்டது. மூன்று மாதம் கழித்துக் கப்பலில் அனுப்பினார்கள். அவர் கையில் என்ன கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். பள்ளமோ பலகையோ கம்பியோ, யார் வந்து எதைக் காட்டினாலும் வேலையை நிறுத்திவிட்டு அவரோடு அந்த இடம் வரை நடப்பேன். பாதி நேரம் ஒன்றும் இருக்காது. அதற்காக அவரைத் திட்ட மாட்டேன். ஒரு தடவை திட்டினால் அடுத்த முறை வர மாட்டார்.

2017 அக்டோபர் 21ஆம் தேதி காலையில் இதே தீவில் தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் ஒரு கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். உடல்களைத் தேடி எடுத்த நாட்களில் நான் வேலை முடிந்து அந்தப் பக்கம் போய்ச் சாலையோரம் நிற்பேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. 2023 நவம்பரில் இங்கே பத்து மாவுங் ஊரில் ஒரு கட்டுமானத்தில் விட்டங்கள் சரிந்தபோதும் இறந்தவர்கள் பங்களாதேஷ் தொழிலாளர்கள். தோட்டத்தில் இருந்து வந்த நாங்கள் செய்த வேலையைத்தான் இன்று அவர்கள் செய்கிறார்கள். கொம்தாரில் என்னோடு ஏறிய தமிழர்களையும் சீனர்களையும் இன்று யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. நாற்பது வருடம் கழித்து உங்கள் கட்டிடத்துக்கும் அப்படித்தான் இருக்கும், நீங்கள் எழுதி வைக்காவிட்டால்.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தத் தூண், எந்த பீம், கம்பி கட்டியது யார், பலகை அடித்தது யார், வைப்ரேட்டர் பிடித்தது யார். எல்லாருடைய பெயரும், அவர்கள் சொன்ன குறையும். தண்டிப்பதற்காக இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். என் நோட்டுகள் பதினோரு வருடத்துக்கு இருக்கின்றன, இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

*

ஆயர்ஈத்தாம்_பேரன் எழுதியது:

என் பாட்டிக்கு இந்தத் திரியைப் படித்துக் காட்டினேன். அவருக்கு 79 வயது. இருபது வருடத்துக்கு மேல் கட்டுமானத்தில் கையாள் வேலை செய்தவர். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"அந்தப் பிள்ளை கம்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். கான்கிரீட் ஊற்றிய பிறகு நடக்கிற வேலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதை நாங்கள்தான் செய்தோம், பொம்பளைகள்.

எங்கள் காலத்தில் கலவை இயந்திரம் சின்னது. சில இடத்தில் அதுவும் கிடையாது. தகரத்தைக் கீழே போட்டு, மணலைச் சலித்துக் கொட்டி, சிமெண்டைப் போட்டு மூன்று தடவை வறண்டபடியே புரட்ட வேண்டும். நிறம் ஒன்றாக வந்த பிறகுதான் நடுவில் குழி பறித்துத் தண்ணீர். கலவையை வாளியில் எடுத்துத் தோள் கம்பில் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு சாரத்தில் ஏறுவோம். சிமெண்ட் மூட்டை ஒன்று 50 கிலோ. அதையும் தூக்கியிருக்கிறேன், மூத்தவன் வயிற்றில் நாலு மாதம் இருக்கும்போது கூட.

சிமெண்டு ஈரத்தோடு பட்டால் தோலை அரித்துவிடும். விரல் இடுக்கில் புண் வரும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு துணி சுற்றிப் படுப்போம். காலையில் சோறு பிசைந்தால் எரியும், கரண்டியால்தான் சாப்பிடுவேன். கையுறை என்ற ஒன்றை யாரும் கொடுத்ததில்லை.

தளம் ஊற்றியதும் ஆம்பளைகள் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். எங்களை விட்டுவிடுவார்கள். மறுநாள் காலையிலிருந்து சாக்கைப் பரப்பி அதன் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஏழு நாள். வெயிலில் சாக்குக் காய்ந்துவிடும், மறுபடியும் ஊற்ற வேண்டும். கீழே டிரம்மிலிருந்து எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு கெப்பாலா, சீனர், நல்ல மனிதர், அவர்தான் எனக்குச் சொன்னார், இந்தத் தளம் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது, நிறுத்தினால் பலம் பிடிக்காது என்று. அதன் பிறகு நான் சாக்கை ஒரு நாளும் காய விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சம்பளம் கிடையாது, அன்றும் போய் ஊற்றியிருக்கிறேன், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

ஆம்பளைச் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தார்கள். கையாள் என்றுதான் பேர், அதற்கு மேல் எதுவும் இல்லை. பாயா தெருபோங் பக்கம் நான் தண்ணீர் ஊற்றிய வீடுகள் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். ஒரு வெடிப்பும் இல்லை."

பாட்டி இன்னொன்றும் கேட்கிறார்: "இப்போது சைட்டில் தண்ணீர் ஊற்றுகிறவர் யார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"

*

பிறை_சேப்டி எழுதியது:

நான் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன், அதனால் தாள் சம்பந்தமான விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, அந்தப் பையனின் இரண்டு நாள் சம்பளம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சம்பளத்திலிருந்து எதையெல்லாம் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. கூடுதலாகக் கொடுத்துவிட்ட பணம், முன்பணம் இப்படிச் சில. வேலையில் பிழை என்று அபராதம் போட்டுப் பிடிப்பதற்கு அதில் இடமில்லை. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இதே சட்டம்தான். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் நீங்களே கணக்குப் பிரிவில் போய்ப் பேசிப் பாருங்கள், பல நேரம் அங்கேயே முடிந்துவிடும். பையனைத் தனியாகப் புகார் கொடுக்க அனுப்பாதீர்கள். வேலை பெர்மிட் முதலாளி கையில் இருக்கிறது, அவன் பயப்படுவான்.

இரண்டாவது, 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கு வந்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதைச் சரி செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. மண்டோர் ஐயா சொன்ன பள்ளம் இன்று நடந்திருந்தால் அந்த மதுராக்காரருக்கு ஏறி வெளியே வர உரிமை இருந்திருக்கும். உரிமை இருக்கிறது என்று அவருக்குப் புரிகிற மொழியில் யாராவது சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் பார்த்த பல சைட்டுகளில் காலைக் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கிறது, நாற்பது பேர் தலையாட்டுகிறார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். நான் இப்போது குழுவுக்கு ஒருவரை வைத்து வங்காளத்திலும் நேப்பாளியிலும் திருப்பிச் சொல்ல வைக்கிறேன். கூட்டம் பத்து நிமிடத்துக்குப் பதிலாக இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. அதற்கு நான் தினமும் சண்டை போட வேண்டியிருக்கிறது. போடுகிறேன்.

மூன்றாவது, சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் வேலையிட விபத்துத் திட்டம் உண்டு. சந்தா முழுதும் முதலாளி கட்டுவது, சம்பளத்தில் 1.25 விழுக்காடு. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் அடிபட்டாலும் செல்லும். உங்கள் குழுவில் எல்லார் பேரும் பதிவாகியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். துணைக் குத்தகையில் வந்தவர்கள் விட்டுப்போவது அங்கேதான். கிரீன் கார்டு என்கிற கட்டுமானத் தொழிலாளர் அட்டை இல்லாமல் யாரும் உள்ளே இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

தங்குமிடமும் உங்கள் கண்ணில் பட வேண்டும். தொழிலாளர் தங்குமிட வசதிக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும்தான் இருந்தது. 2020 ஜூன் முதல் எல்லாத் துறைக்கும் வந்துவிட்டது. தொழிலாளர்கள் தங்குகிற கொங்சியில் ஒரு நாள் மாலையில் போய்ப் பாருங்கள். தூங்காத மனிதர் மறுநாள் மூன்றாம் மாடி விளிம்பில் நிற்கிறார்.

*

பாயான்லெப்பாஸ்_சைட் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத ஒன்பது நாள் ஆகிவிட்டது. ஏதாவது செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

நடந்ததை ஒன்றரைப் பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, முடிந்துபோன விஷயத்தை ஏன் கிளறுகிறாய் என்றார். கோபப்படவில்லை. கன்சல்டண்டுக்கு அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அதனால் அனுப்பிவிட்டேன். ஐந்தாம் மாடியிலும் அதே மாதிரிச் சந்திப்பு வருகிறது என்பதைக் குறிப்பிட்டு, லாப்பை நகர்த்த முடியுமா, 10 மில்லி கல் போடலாமா என்று கேட்டிருக்கிறேன். மறுநாளே அழைத்தார்கள். அந்தச் சந்திப்பின் கம்பி விவரத்தை மறுபடியும் வரைகிறார்களாம். அறிக்கையைத் திருத்துவது பற்றி இன்னும் பதில் இல்லை. வாரா வாரம் கேட்பேன்.

பையனின் சம்பளம் திரும்ப வந்துவிட்டது. கணக்குப் பிரிவில் இருக்கிற அக்காவிடம் 24ஆம் பிரிவை எடுத்துக்காட்டியதும் அவரே உள்ளே போய்ப் பேசினார். பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, சிரித்தான்.

கம்பி கட்டும் அண்ணனைத் தேடிக்கொண்டு போனது மாலை ஆறரை மணிக்கு. கொங்சியின் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னது சரி, நான் கேட்காதது தவறு என்று மலாயில் சொன்னேன். இரண்டு வாக்கியம்தான், வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். தேநீர் கொடுத்தார். ராஜ்ஷாஹியில் அவருக்கு ஒரு மகள், என்னைவிட இரண்டு வயது சின்னவள், அவளும் இன்ஜினியரிங் படிக்கிறாள் என்றார். கைப்பேசியில் படம் காட்டினார். எட்டு மாதம் ஒரே மாடியில் நின்றிருக்கிறோம், எனக்கு அது தெரியாது.

அப்புறம் ஐந்தாம் மாடியைப் பற்றிக் கேட்டேன். சுண்ணாம்புக்கட்டியை எடுத்துத் தரையில் அந்தச் சந்திப்பை வரைந்தார். எந்தக் கம்பியை முதலில் நுழைத்தால் எது பின்னால் நுழையாது என்று வரிசைப்படி காட்டினார். இப்போது கட்டுகிற வரிசையில் கட்டினால் கடைசிக் கம்பி ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் நிற்கும் என்றார். அதை நான் படம் எடுத்துக் கன்சல்டண்டுக்கு அனுப்பியிருக்கிறேன், யார் வரைந்தது என்று அவர் பெயரையும் போட்டு. வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒல்லி ஊசி ஒன்று வேண்டும் என்றார், வேறு எதுவும் கேட்கவில்லை.

பாட்டியிடம் சொல்லுங்கள், எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. போய்ப் பார்த்தேன். மியன்மாரிலிருந்து வந்த ஒருவர், காலையும் மாலையும் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் ஊற்றுகிறார். மதியத்தில் அவரை வேறு வேலைக்கு இழுத்துவிடுகிறார்கள், அந்த நேரத்தில் தளம் காய்ந்து கிடக்கிறது. இந்த வாரத்திலிருந்து அவரை அங்கிருந்து நகர்த்த விடவில்லை. நோட்டில் முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது.

*

கொம்தார்_மண்டோர் எழுதியது:

மகளே, படித்தேன். ரொம்ப சந்தோஷம். வரிசையைச் சொன்னார் பாருங்கள், அது புத்தகத்தில் கிடைக்காது. அந்தப் படத்தைப் பத்திரமாக வையுங்கள்.

ஒல்லி ஊசி 25 மில்லியில் வாங்கும்போது ஹோஸ் நீளத்தைப் பாருங்கள். பீம் ஆழமாக இருக்கிறது, குட்டையாக வாங்கினால் எட்டாது. அந்த அண்ணனையே கூட்டிக்கொண்டு போய் அளந்து வாங்குங்கள். ஊற்றுகிற அன்று காலையில், லோரியைக் கூப்பிடுவதற்கு முன்னால், இயந்திரத்தை ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டாவது ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், பெட்ரோல் ஊற்றி.